அம்பாளிடம் அகப்பட்ட பிஸ்ரல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கனடாவில், மார்க்கம் நகரைத் தாண்டி வடக்கே, சோளத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் பிஸ்ரல் கிளப்பின், அதுதான் கைத்துப்பாக்கி சுடுகிறவர்களின் சங்கத்தின், மைதானம். மழையா பனியா என்று முடிவெடுக்க முடியாத ஒரு தூறல். வருஷத்தின் கடைசிப் போட்டி. எல்லோரும் தங்கள் தங்கள் பிஸ்ரலை எடுத்துத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறேன்.

என் பிஸ்ரல் எங்கே?

ஸ்காபரோவில், எங்கள் வீட்டுச் சாமியறையில், கும்பத்துக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டு வைத்த பெட்டிக்குள் இருக்கிறது!

சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது அழுகைதான் வந்தது.

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் துவக்குப் பைத்தியம் பழைய கதை. புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தாய். ஓய்வு நேரத்தில் குறி பார்த்துச் சுடுகிறேன். கடதாசியையும் இரும்புத் தட்டையும்தான் — பயப்பட வேண்டாம்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இஞ்ச வந்து துவக்கு வாங்கி வைச்சிருக்கிறீங்கள். உங்களுக்கென்ன விசரோ அன்ரி?" என்று ஒரு வாசகர் போன் எடுத்தே கேட்டார்.

விசர்தான் தம்பி, பைத்தியம்தான். ஆனால் காரணம் இருக்கிறது. கனடா வந்த புதிதில், மே மாதத்து வாணவேடிக்கைச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே பாய்ந்து படுத்தவள் நான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கமாக இருந்தது. ஊரில் துவக்கு எப்போதும் மற்றவன் கையில். நான் எப்போதும் அதன் முன்பக்கத்தில். இவ்வளவு தூரம் வந்தும் அந்தச் சத்தம் என்னை விடவில்லை என்றால், இது என்ன சீவியம்?

என்னோடு வேலை செய்கிற பிரெண்டாதான் ஒருநாள் என்னைக் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் சூட்டுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பிறகு கை மட்டும் நடுங்கியது. பிறகு அதுவும் நின்றது. இந்த வருஷ வாணவேடிக்கையைப் பிள்ளைகளோடு புல்லில் இருந்து, கச்சான் கடலை கொறித்துக்கொண்டு பார்த்தேன். அன்றைக்கு எனக்குள் இருந்த சந்தோஷத்தை எழுத இந்தப் பக்கம் போதாது.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் கிளப்பில் இரண்டு கட்சி. ஒன்று இரும்புக் கட்சி. மற்றது பிளாஸ்ரிக் கட்சி.

நான் இரும்புக் கட்சி. என்னுடையது பழைய மொடல் பிஸ்ரல். ஒரு சின்ன ஊரில் இருக்கிற துப்பாக்கி வேலைக்காரர் குளிர்காலம் முழுக்க இருந்து, ஒவ்வொரு துண்டையும் கையால் அராவிப் பொருத்திச் செய்தது. என் கையைத் தாளில் வைத்துச் சுற்றிவரக் கோடு போட்டு, அந்த அளவுக்கு வோல்நட் மரத்தில் பிடி செதுக்கித் தந்தார். உலகத்தில் வேறு எவருடைய கைக்கும் அது அப்படிப் பொருந்தாது! மேல்பாகத்தை இழுத்து விட்டால் எண்ணெய் போட்ட மேசை லாச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தக் கருநீல மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சுடாமலே திருப்திப்படலாம்.

பிரெண்டா பிளாஸ்ரிக் கட்சித் தலைவி. அவளுடையது இந்தக் காலத்துச் சாமான். அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் உடம்பு. கறுப்பு, சதுரம். அழகு மருந்துக்கும் கிடையாது. ஆனால் விழுந்தாலும் சுடும், நனைந்தாலும் சுடும், ஒரு மாதம் துடைக்க மறந்தாலும் சுடும். நான் அதற்குச் 'சோப்புப் பெட்டி' என்று பெயர் வைத்து, அவளுக்கு ஆங்கிலத்திலும் விளங்கப்படுத்தியிருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

என் வீட்டுக்காரர் எந்தக் கட்சியும் இல்லை. வீட்டுக்குள் பூச்சி வந்தால் கடதாசியில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுகிற மனிதர். பிஸ்ரல் வந்த நாளிலிருந்து அந்த அலுமாரிப் பக்கம் அவர் போனதில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டார்.

"ஒரு சீசன் பாப்பம். முதல் மூண்டு இடத்துக்குள்ள ஒருக்காலெண்டாலும் வாரும். வராட்டி உந்தச் சாமான் வீட்டை விட்டுப் போகவேணும்."

"ஓம்" என்றேன். ரோசம்!

வசந்த காலப் போட்டியில் நாலாம் இடம். கோடைப் போட்டியில்... அதுவும் நாலாம் இடம். மிச்சம் இருந்தது இந்த ஒரு ஞாயிறு மட்டுமே.

அதற்கு முன்னால் நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகளின் புத்தகங்கள், என் தையல் மெசின், இவருடைய கார்த் திறப்பு, அதாவது சாவி, எல்லாவற்றையும் கும்பத்தடியில் அடுக்கினோம். அப்போது இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உம்மட அந்தப் பெட்டியையும் கொண்டு வாரும்."

"எந்தப் பெட்டி?"

"அதுதான்... அலுமாரிக்குள்ள இருக்கிறது. அதுவும் ஆயுதம்தானே? அம்பாளிட்ட இருக்கட்டும்."

அந்தச் சாமானை வீட்டுச் சாமானாக அவர் எண்ணிய முதல் நாள் அது. பிஸ்ரலுக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு — சட்டப்படி எல்லாம் போட்டபடி கொண்டுவந்து வைத்தேன். அவரே சந்தனம் தொட்டார். ஆனால் விரல் பெட்டியில் முழுதாகப் படாமல், ஒரு நுனியால்.

நாட்கலண்டரில் விஜயதசமி வெள்ளிக்கிழமை. போட்டி ஞாயிற்றுக்கிழமை. வடிவாகக் கணக்குப் பார்த்துத்தான் வைத்தேன்! வெள்ளி பின்னேரம் பெட்டியை எடுக்கப் போனால்...

"ஐயோ, தொடாதையும்!"

"ஏனப்பா? இண்டைக்கு விஜயதசமியெல்லே?"

"கோயிலில ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் வைக்கினம். அங்க போய்க் கும்பிட்டு வந்துதான் நான் கும்பம் எடுக்கிறது. அதுவரைக்கும் ஒண்டையும் தொடக் கூடாது."

"கலண்டரில வெள்ளி எண்டு போட்டுக் கிடக்கு!"

"அது ஊரில அடிச்ச கலண்டர். ஊரில ஆருக்கு ஓவர்ரைம்?"

இந்த நாட்டில் தெய்வங்களும் வீக்கெண்ட் பார்த்துத்தான் இறங்கி வருகின்றன. இத்தனை வருஷம் இருந்தும் அதை மறந்தது என் பிழை.

"ஞாயிறு காலமை எனக்கு மட்ச் இருக்கு. போகாட்டி பிஸ்ரலை விக்கவேணும். நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சொன்னனான்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஒப்பந்தம் வேற, பூசை வேற. அம்பாளிட்டக் குடுத்ததை இடையில பறிக்கக் கூடாது."

சண்டை பிடித்திருக்கலாம். எனக்கு வாய் இல்லையா என்ன? ஆனால் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்தேன். அதைக் கலைத்து எடுத்தால், அவர் முதன்முதலாக நீட்டிய கையைத் தட்டிவிட்டது மாதிரி ஆகிவிடும். எடுக்காவிட்டால் பிஸ்ரல் போய்விடும். இரண்டு இரவு புரண்டு புரண்டு படுத்தேன்.

ஆக, ஞாயிறு காலை தூறலில் வெறுங்கையோடு நின்ற நான், வேறு வழியில்லாமல் பிரெண்டாவிடம் போனேன்.

"பிரெண்டா... உன்னுடையதை ஒருமுறை தருவாயா?"

அவள் காதடைப்பானைக் கழற்றினாள். "எதை?"

"அதுதான்... உன் பிஸ்ரலை."

"அதற்கு ஒரு பெயர் இருக்கிறதே. நீதானே வைத்தாய்?"

சொல்ல வைத்தாள்! எல்லோர் முன்னிலையிலும், "தயவுசெய்து உன் சோப்புப் பெட்டியைத் தா" என்று கேட்க வைத்துவிட்டுத்தான் தந்தாள். என் வாய்க்கொழுப்புக்கு நல்லாய் வேண்டிக் கட்டினேன்.

போட்டி இதுதான்: வரிசையாக நிற்கிற இரும்புத் தட்டுகளை எல்லாம் விழுத்த வேண்டும். யார் கெதியாக, குறைந்த நேரத்தில் விழுத்துகிறாரோ அவருக்கு முதலிடம். எனக்கு முன்னால் மைக் சுட்டார். இரும்புக் கட்சியின் சிங்கம். அவருடைய பிஸ்ரலில் பூவேலை எல்லாம் செய்திருக்கும். மனிதர் அதை ஒரு துவாலையால் மூடி மூடி வைத்திருந்தார். எடுத்தார். ஈரமா, சேறா... இரண்டாவது தட்டோடு துப்பாக்கி ரவை உள்ளே குறுக்கே மாட்டிக்கொண்டது. இழுக்கிறார், தட்டுகிறார், அசையவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என்னுடையதும் அப்படி இறுக்கமாகப் பொருத்திய சாமான்தானே?

என் முறை. சோப்புப் பெட்டி கையில் பாரமே இல்லை. பிடி எனக்காகச் செதுக்கியதும் இல்லை. ஆனால் ஒன்று — கீறல் விழுமோ, துருப்பிடிக்குமோ, மினுக்கம் போகுமோ என்ற கவலை எதுவும் இல்லை! அப்போதுதான் விளங்கியது, வருஷம் முழுக்க நான் ஏன் நாலாம் இடம் என்று. கலியாணக் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு மீன் வெட்டுவது மாதிரித்தான் சுட்டிருக்கிறேன். கண் குறியில் பாதி, சேலையில் பாதி.

விசில் அடித்தது.

டிங்! முதல் தட்டு. டிங்! அடுத்தது. விரல் அவசரப்படவில்லை. அந்தப் பொறுமை என் இரும்புப் பிஸ்ரல் பழக்கிய பொறுமை. அதை நான் எங்கும் சொல்லுவேன். டிங், டிங், டிங்... கடைசித் தட்டு ஒரு கணம் யோசித்து நின்றது. பிறகு அதுவும் விழுந்தது.

எத்தனை சூடு வெடித்தது, எவ்வளவு சத்தம் கேட்டது... என் உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை. மேசைக்குக் கீழே பாய்ந்தவள் நிமிர்ந்து நின்றேன், வாசகர்களே!

முதலாம் இடம். மூன்றாவது இல்லை, இரண்டாவது இல்லை. முதலாம் இடம்! பிரெண்டா என்னைத் தூக்கிச் சுற்றினாள். மைக் வந்து கை குலுக்கி, "நீ எங்கள் கட்சியா, அவள் கட்சியா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

கார் முழுக்கப் பாட்டோடு வீட்டுக்கு வந்தேன். இவர் வேட்டி கட்டி, கோயிலுக்கு வெளிக்கிட்டு வாசலில் நின்றார். முகத்தில் கேள்வி. கேட்கப் பயம்.

"முதலாம் இடம்!"

மனிதருக்கு வாயெல்லாம் பல்லு. "பாத்தீரே? பூசையில வைச்சபடியால்தான்!"

"அந்தப் பிஸ்ரலாலை சுடேல்லையப்பா! இது பிரெண்டாவின்ர பிளாஸ்ரிக்!"

"அம்பாள் உம்மடையோ அவளின்ரயோ, ஆற்ர துவக்கெண்டே பாக்கிறவ?"

கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்து கும்பம் எடுத்தோம். புத்தகங்களைப் பிள்ளைகள் எடுத்தார்கள். தையல் மெசினை நான் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால், இவர் என் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். விரல் நுனியால் இல்லை, முழுக் கையாலும்.

"நல்ல பாரம்" என்றார். "வைக்கிற இடத்தைக் காட்டும். இது இனி இஞ்சதானே இருக்கப் போகுது."

அலுமாரியைத் திறந்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

இரும்பா, பிளாஸ்ரிக்கா, எது வென்றது என்று கேட்டு எனக்குப் போன் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது — வென்றது அம்பாள்!