குழாய்க்குள் ஓடிய தெளிந்த எண்ணெய்

வைத்திக்குப்பத்தில் கன்னியம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன் முழுக்க நடந்து விற்றவள். இடுப்பு வலி வந்து சுமை தூக்க முடியாமல் போனதும், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு காராபூந்தி கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இன்று அந்தக் கம்பெனியின் ஹீட்டரை ஓட்டுவது அவள்தான்.

அந்த ஹீட்டரை முதலில் பார்த்ததை இப்போதும் கண்ணை விரித்துக்கொண்டுதான் சொல்வாள். பெரிய தொட்டியில் எண்ணெய் காய்ந்து பூந்தி பொரிகிறது. அடியில் நெருப்பே இல்லை. நெருப்பு சுவருக்கு அந்தப் பக்கம், தனி அறையில் எரிகிறது. அங்கே சூடேறும் வேறோர் எண்ணெயை பம்ப் தள்ளுகிறது. அது குழாய் வழியாக வந்து, தொட்டிக்குள் வளைந்து வளைந்து ஓடி, சூட்டைக் கொடுத்துவிட்டு நெருப்பிடமே திரும்பிப் போகிறது. தண்ணீர் என்றால் ஆவியாகிச் சீறியிருக்கும். இந்த எண்ணெயோ அவ்வளவு சூட்டிலும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தெர்மிக் ஆயில் என்றார்கள்.

"நெருப்ப தூக்கினு வந்து எறக்கி வெச்சிட்டு, மறுபடி போயி எடுத்துனு வருதுய்யா" என்று அன்று வீட்டில் கணவன் அம்மாவாசையிடம் சொன்னாள். கடலுக்குப் போய்வந்த களைப்பில் அவர் பாதி தூக்கத்தில் "உம்" கொட்டினார்.

துடைப்பமும் கையுமாக அவள் அந்த அறை வாசலிலேயே நிற்பதை முதலாளி கலைமகள் கவனித்திருந்தார். பழைய ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனதும், "கத்துக்கிறியா கன்னியம்மா?" என்று அவர் கேட்டார். கற்றுக்கொண்டாள்.

ஹீட்டரைப் பராமரிக்க வரும் இன்ஜினியர் கோபிநாத் ஒரு நாள், குழாய்களில் ஓடும் பழைய எண்ணெயை மொத்தமாக இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும் என்றார். இறங்கிய எண்ணெய் தார் மாதிரி கறுத்து, குமட்டும் நாற்றம் அடித்தது. புது பேரலைத் திறந்தால் உள்ளே இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. வாசனையும் இல்லை. ஃபுட் கிரேடு ஆயில், உணவுக் கம்பெனிகளுக்கென்றே செய்தது என்றார் கோபிநாத்.

கன்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார், குழாய்க்குள்ள ஓடுறதுக்கு எதுக்கு இவ்ளோ சுத்தம்? அது பூந்தியத் தொடவே போறதில்லயே."

"குழாய் இரும்புதானக்கா. என்னைக்காவது ஓட்ட விழுந்துட்டா?"

வீண் பயம் என்றுதான் அவள் நினைத்தாள். கலைமகள் புது எண்ணெயையே ஊற்றச் சொல்லிவிட்டார்.

அடுத்த மாசி மகம் வந்தது. சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும் நாள். கூட்டத்துக்குக் கொடுக்கக் கம்பெனியிலிருந்து பூந்தி பாக்கெட்டுகள் விடியற்காலையிலேயே வேனில் போயிருந்தன. கொஞ்சம் கழித்து வேலைக்கு வந்த கன்னியம்மாள், வழக்கம்போல ஹீட்டர் எண்ணெயின் அளவைக் காட்டும் மேல் டேங்கின் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். ஆறிய எண்ணெய் நிற்க வேண்டிய கோட்டுக்கு வெகு கீழே நின்றது. தரையில் ஒரு சொட்டு இல்லை. பம்ப், வால்வு எல்லாம் காய்ந்து கிடந்தன. ஹீட்டரைப் பற்ற வைக்காமல் கோபிநாத்துக்கு போன் போட்டாள்.

அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு பூந்தி பொரிக்கும் தொட்டியின் மூடியைத் தூக்கினார். நேற்று விட்டுப்போன அளவைவிட எண்ணெய் உயர்ந்திருந்தது.

"தொட்டிக்குள்ள இருக்குற குழாய்லதான் ஓட்ட" என்றார். "ராத்திரி பூரா உள்ளயே வடிஞ்சிருக்கு."

"நேத்து பொரிச்சதுலயும்?"

"கொஞ்சம் கலந்திருக்கும்."

அந்த பாக்கெட்டுகள் இப்போது கடற்கரையில் இருந்தன. மகள் கவிநிலாவும் அங்கேதான் இருந்தாள்.

தகவல் கேட்டு வந்த கலைமகளும் சேர, மூவரும் காரில் கிளம்பினார்கள். வழியெல்லாம் கோபிநாத் அவளிடம் பேசிக்கொண்டே வந்தார். "பயப்படாதீங்கக்கா. பழைய கறுப்பு எண்ணெயா இருந்தா நானே பயந்திருப்பேன். இது தவறிப்போயி துளி கலந்தாலும் உடம்புக்கு ஒண்ணும் செய்யாத மாதிரி பாத்துப் பண்ணது. ஆனா இது சாப்பாடு கெடையாது. பாக்கெட்ட திருப்பி வாங்கிடணும்."

மணல் தெரியாத கூட்டம். குடைகளுக்குக் கீழே சாமிகள் வரிசையாக நின்றன. பார்த்த இடமெல்லாம் பிள்ளைகள் கையில் கம்பெனி பாக்கெட். கலைமகள் மைக்கைக் கேட்டு வாங்கி, தன் பெயரையும் கம்பெனி பெயரையும் சொல்லி, மிச்சமிருக்கும் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். "சாமி நாள்ல குடுத்தத திருப்பிக் கேக்கறாங்களே" என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். கன்னியம்மாள் சாக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். கவிநிலா காலி பாக்கெட்டைக் கசக்கிக்கொண்டு எதிரே வந்தாள்.

"நல்லாருந்துச்சும்மா. இன்னொண்ணு இருக்குதா?"

சாக்கைக் கீழே வைத்துவிட்டு மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் கன்னியம்மாள். எதிரே கடல், சுற்றிலும் அத்தனை ஆயிரம் முகங்கள். இந்த ஜனங்களில் ஒருவரையும் பார்த்திராத யாரோ, இப்படி ஒரு நாள் வரும் என்று முன்கூட்டியே நினைத்து அந்த எண்ணெயைக் காய்ச்சியிருக்கிறார்கள். அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆய்வுக்கூடத்தில் பார்த்ததில், முந்தின நாள் பூந்தியில் கலந்தது அனுமதித்த அளவுக்கும் குறைவு என்று வந்தது. திரும்பி வந்த பாக்கெட்டுகளையும் தொட்டி எண்ணெயையும் கலைமகள் மொத்தமாக அழித்துவிட்டார். புதுக் குழாய் வரும்வரை கம்பெனி மூடியிருந்தது.

பழைய குழாயைக் கழற்றிய அன்று கன்னியம்மாள் ஓட்டையைக் காட்டச் சொன்னாள். கோபிநாத் விரலை வைத்த இடத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அறுத்தெடுத்த அந்தத் துண்டை வெளியே எடுத்துப்போய், மறுமுனையைக் கையால் பொத்தி, வெயிலுக்கு நேராகத் தூக்கி ஒரு முனையில் கண்ணை வைத்தாள். உள்ளே இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம்.

"யாரு சார் அந்த எண்ணெய மொதல்ல யோசிச்சது?"

"எந்த ஊரோ, யாரோ. நெறய பேரு சேந்து யோசிச்சிருப்பாங்கக்கா."

கண்ணை எடுக்க மனம் வராமல் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.