வாடை இல்லாத தண்ணீர்

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புகுந்த வீட்டுக்குத் தங்கை கிளம்பிப் போனது ஒரு திங்கட்கிழமை. காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. பேருந்து நிலையத்தில் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, தங்கை ஏழு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, பள்ளம் பார்த்துக் கால் வைத்துப் பின்னால் வந்தாள்.

"துரத்திவிடற வேகத்தைப் பாரு. வந்து முழுசா ஒரு மாசம் ஆகல."

"மஞ்சள் காமாலை ஓடற ஊர்ல வயித்துப்பிள்ளைக்காரியை வெச்சுக்கிட்டு நான் எப்படிடி தூங்கறது? ஏறு."

அக்கா அந்த ஊரின் சுகாதார ஆய்வாளர். தெருக்காரர்களுக்கு அவள் 'கொதிக்கவை அக்கா'. கதவு பாதி திறக்கும்போதே, "தண்ணியைக் கொதிக்க வெச்சீங்களா?" என்பாள். டீக்கடைக்காரர் அவள் தலையைக் கண்டாலே, "சத்தியமா டீயைக்கூடக் கொதிக்க வெச்சுத்தான் தர்றேன்" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். அம்மா போன பிறகு தங்கைக்குத் தலை பின்னிவிட்டதும், படிக்க வைத்ததும், கல்யாணம் செய்து கொடுத்ததும் அவள்தான். தனக்கு வந்த வரன்களையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஊரில் காமாலை பரவியதிலிருந்து தண்ணீர்த் தொட்டிகளே கதி என்று கிடந்ததில், அவள் துணி, முடி, கை எல்லாவற்றிலும் குளோரின் வாடை ஏறியிருந்தது. தங்கைக்கு அது குமட்டும். "உன்னைக் கட்டிப்பிடிச்சா நீச்சல் குளத்தைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

சன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததும் தங்கை கேட்டாள்: "அங்க போயும் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணுமா?"

"வேண்டாம். அக்கரையில தண்ணி நல்லா இருக்கு. கூட்டத்துல சொல்லிட்டாங்க."

ஊர் முழுக்கக் கொதிக்க வை, கொதிக்க வை என்று தொண்டை வறளக் கத்தியவள், ஒரே ஒருத்தியிடம் மட்டும் வேண்டாம் என்று சொன்னாள்.

கூட்டம் என்றால் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். ஆற்றோரத்துப் பம்ப் ஹவுஸிலிருந்துதான் இக்கரை ஊருக்கும் பாலம் தாண்டி அக்கரை ஊருக்கும் தண்ணீர் போகிறது. முன்பெல்லாம் குடிநீர்த் துறையும் இரண்டு ஊர் சுகாதார அலுவலகங்களும் ஆஸ்பத்திரியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. யார் வீட்டு மாடு யார் தோட்டத்தில் மேய்ந்தது என்பது போலக் கடிதங்கள் பறக்கும். எல்லாரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. அலைந்து திரிந்து ஆள் சேர்த்தவர்களில் அக்காவும் ஒருத்தி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கூட்டம் முடியும்போது ஒவ்வொருவராக "எங்க பக்கம் சரி" என்பார்கள். அக்கரை ஊர் அதிகாரியும் சொன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் தங்கையைப் பேருந்து ஏற்றினாள்.

சில வாரங்கள் நிம்மதியாகப் போயின. ஒருநாள் தங்கை போனில் சிரித்தாள். "இங்க தண்ணியில உன் வாடையே இல்லக்கா. குழாயில பிடிச்சு அப்படியே குடிக்கிறேன். தேன் மாதிரி இருக்கு."

"குடி, குடி. பிள்ளையாவது என் வாடை தெரியாம வளரட்டும்" என்று அக்காவும் சிரித்தாள்.

மறுநாள் தொட்டி மேல் நின்று, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றும் ஆளை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தாள். காற்று திரும்பி வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வாடையே இல்லக்கா. வாடை இல்லையென்றால் குளோரினும் இல்லை. ஏணியில் பாதி இறங்கியவள் அங்கேயே நின்று பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டாள்.

"நாங்க குளோரின் போடறதை நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சேம்மா" என்றார் ஆபரேட்டர். "ஊர்த் தொட்டியில நீங்க போட்டுக்குவீங்கன்னு கூட்டத்துல முடிவாச்சாமே. எங்க இன்ஜினியர் சொன்னாரு."

அடுத்து அக்கரை அதிகாரி. "நாங்க எதுக்கும்மா போடணும்? பம்ப் ஹவுஸ்லயே போட்டுத்தானே அனுப்பறாங்க. ரெண்டு இடத்துல போட்டு வாடை தாங்கலன்னு ஜனங்க சண்டைக்கு வந்தாங்க. ஒரு இடத்துல போட்டா போதும்னு எல்லாரும் சேர்ந்துதானே தலையாட்டினோம். நீங்களும்தானே ஆட்டினீங்க?"

ஆட்டினாள். ஒரு இடத்தில் என்றுதான் முடிவானது. எந்த இடத்தில் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் போடுவார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள். இக்கரையில் காமாலை வந்தபோது சாக்கடைக்குள் உடைந்து கிடந்த ஒரு குழாய் அகப்பட்டது. பழி முழுக்க அதன் தலையில் விழ, அவசரத்துக்கு இக்கரைத் தொட்டிகளில் மட்டும் குளோரின் போடத் தொடங்கினார்கள். ஆற்றுத் தண்ணீர் குளோரின் படாமல் பச்சையாகவே அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சார், இப்பவே தொட்டியில போடச் சொல்லுங்க. தெருத்தெருவா அறிவிப்பு கொடுங்க."

"போடச் சொல்றேன். அறிவிப்பெல்லாம் கூட்டத்துல வெச்சுத்தான்மா. நாம போட்ட விதிதானே, தனித்தனியா யாரும் அறிவிக்கக் கூடாதுன்னு? செவ்வாய்க்கிழமை பேசுவோம்."

"என் தங்கச்சி அங்க இருக்கா சார்."

"அப்ப அவங்களைக் கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

தங்கையின் எண்ணுக்கு அடித்தாள். மாப்பிள்ளைதான் எடுத்தார். "நானே கூப்பிடலாம்னு இருந்தேன்க்கா. காலையில இருந்து ஒரே வாந்தி. கண்ணு வேற மஞ்சளா தெரியுது. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டிருக்கோம்."

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. பாலம் வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கரையில இறங்கறவங்க எல்லாரும் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னாள்.

"என்னக்கா, பஸ்லயும் டூட்டியா?" என்றார் கண்டக்டர். சிலர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவள் ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து அதையே சொல்லிக்கொண்டு போனாள். பிச்சை கேட்பது போல இருந்தது.

குழந்தை அந்த வாரமே பிறந்தது. பெண். அழவில்லை. தங்கை நினைவு தப்பிக் கிடந்தாள். கர்ப்பிணிக்கு இந்தக் காமாலை எமன் என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததால்தானே அனுப்பினாள். ஆஸ்பத்திரி நடையில் தங்கையின் மாமியார், யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி." அக்கா டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இங்க வந்து பிடிச்சதா, என் வீட்டுலயே பிடிச்சதா?"

"சொல்ல முடியாதுங்க. கிருமி உள்ள போய் வாரக்கணக்குல சத்தமில்லாம இருக்கும். எங்க வேணா பிடிச்சிருக்கலாம்."

எந்தப் பதில் வந்திருந்தாலும் அவளுக்கு ஆறுதல் இல்லை. பதிலே இல்லை என்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

தங்கை பிழைத்தாள். கண் திறந்த அன்று அக்கா டம்ளரைக் கொண்டுபோய் உதட்டருகே நீட்டினாள்.

"கொதிக்க வெச்சியா?"

"வெச்சேன்டா."

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னியே."

அவ்வளவுதான். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டம்ளர் அக்காவின் கையிலேயே இருந்தது.

அதன் பிறகு போன் அடித்து அடித்து ஓயும். நேரில் போனால் மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவார். "இப்ப வேண்டாம்க்கா. அவளா கூப்பிடட்டும்." அவருக்குப் பின்னால் உள்ளறைக் கதவு மெல்லச் சாத்திக்கொள்வது தெரியும்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் அவள் தவறாமல் போனாள். 'எங்க பக்கம் சரி' என்று யாராவது முடித்ததும் எழுந்து நிற்பாள். "சரின்னா என்ன? இன்னைக்கு யார் தன் கையால குளோரின் போட்டாங்க? எந்தத் தொட்டியில?" முதலில் எல்லாரும் தலைகுனிந்து பதில் சொன்னார்கள். பிறகு சலித்துக்கொண்டு சொன்னார்கள். "அம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்று இன்ஜினியர் பக்கத்து நாற்காலியில் முணுமுணுப்பது அவள் காதிலும் விழும். ஒவ்வொருவரும் மனப்பாடமாகப் பதில் வைத்திருந்தார்கள். அவளும் விடாமல் கேட்டாள். கேட்பதைத் தவிர அவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையிலிருந்து அந்த வாடை போகாது. சில நாள் வேண்டுமென்றே கழுவாமல் படுத்துக்கொள்வாள்.

ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்தது. அன்றைய கூட்டத்தில் அக்கரை அதிகாரி, அவள் எழுவதற்கு முன்பே, "எங்க பக்கம் சரி. குளோரின் தினமும் போடறோம். ரெண்டு தொட்டியிலயும்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். மேசை மேல் கிடந்த அவள் போன் ஒருமுறை அதிர்ந்தது. தங்கையின் எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"ரெண்டு நாளா குழாயில உன் வாடை வரல. யார்கிட்ட சொல்லணும்?"