சிப்பாயை விட்டுக்கொடுத்த லெட்சுமி அக்கா

வியாழக்கிழமை காலை ஷிஃப்டில், தேநீர் இடைவேளைக்கு மணி அடித்த பிறகுதான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். லெட்சுமி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். அக்கா காலையில் எழுந்திருக்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எழுதியிருந்தது. கன்டீனில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் களைப்பாக இருந்தது. மணி அடித்ததும் எழுந்து மறுபடி இயந்திரத்தின் முன் நின்றேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் நாங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் லெட்சுமி அக்கா தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். உடல்நிலை காரணமாகச் சென்ற ஆண்டுதான் வேலையை விட்டார். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டத் தொடங்கியபோது பெற்றோரோடு ஈப்போவுக்கு வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன், பெயர் ராமையா. இளவயதிலேயே மனநோய் கண்ட அவர் தஞ்சோங் ரம்புத்தானில் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டவர். பெற்றோர் இறந்த பிறகு அவரைப் பார்க்கப் போனது அக்கா மட்டுந்தான். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவார். போய் அண்ணன் எதிரில் உட்கார்ந்திருப்பார். அண்ணன் பேசமாட்டார். நேரமானதும் திரும்பி வருவார். இப்படியே பல ஆண்டுகள்.

ஒரு திங்கட்கிழமை, கன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் பள்ளி நாளிலிருந்தே சதுரங்கம் ஆடுபவன் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். வார்டில் இருக்கும் பழைய சதுரங்கப் பலகையை அண்ணன் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதாகத் தாதி சொன்னாராம். தோட்டத்துப் பள்ளியில் படிக்கும்போது அண்ணன் நன்றாக ஆடுவார் என்பது அப்போதுதான் அக்காவுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

"எனக்குக் காய் நகர்த்தக்கூட தெரியாது தம்பி. கத்துக் குடுக்குறீங்களா?" என்று கேட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.

காய்கள் எப்படிப் போகும் என்பதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். தொடக்க ஆட்டமாக, புதியவர்களுக்கு எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். ராணியின் முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்துங்கள், மந்திரியை வெளியே எடுங்கள், ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்துங்கள், எதிராளி தவறு செய்யும்வரை காத்திருங்கள். அக்கா அப்படியே ஆடினார். கன்டீனில் என்னோடு ஆடி, தோற்றாலும் நெடுநேரம் தாக்குப்பிடித்தார்.

ஆனால் தஞ்சோங் ரம்புத்தானில் அது எடுபடவில்லை. அண்ணன் சில காய்களை நகர்த்துவார். பலகையில் எதுவும் நடக்காது. மருந்தின் மயக்கத்தில் தலை தொங்கிவிடும், அல்லது எழுந்து போய்விடுவார். ஒரு ஆட்டம்கூட முடிந்ததில்லை.

"நீங்க சொன்னது நல்ல ஆட்டந்தான். ஆனா அண்ணனுக்கு அது சரிப்படாதுலா. ஏதாச்சும் வெட்டுப்பட்டாதான் நிமிர்ந்து பாக்குறாரு" என்றார்.

முதலில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ராணியைத் தொடக்கத்திலேயே வெளியே அனுப்பி நாலே நகர்த்தலில் ராஜாவைப் பிடிக்கும் வித்தை. தொழிற்சாலையில் பலர் அதில் விழுந்தார்கள். அண்ணன் விழவில்லை. குதிரையையும் சிப்பாயையும் வைத்து அந்த ராணியை விரட்டி விரட்டியே ஆட்டத்தை முடித்துவிட்டார். துணையில்லாமல் ராணியை அனுப்பக் கூடாது என்று அடுத்த நாள் அக்கா என்னிடம் சொன்னபோது முகத்தில் வருத்தமே இல்லை. அண்ணன் ஒரு ஆட்டத்தை முடித்திருக்கிறார் அல்லவா.

அதன் பிறகுதான் கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பிடித்துக்கொண்டார். ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாய் முதலில் போகும். எதிராளியும் அதேபோல் வைத்தால், இரண்டாவது நகர்த்தலிலேயே பக்கத்துச் சிப்பாயை அடிபடும் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எதிராளி அதை வெட்டினால் நமக்குக் காய்களை ஓட்ட வழி திறக்கும். ஆனால் நம் ராஜாவும் வெட்டவெளியில் நிற்பார். இப்போதுதான் ஆடப் பழகுபவருக்கு இது வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். குதிரையை உடனே வெளியே எடுக்க மறந்த நாட்களில் என் ராணி ஓரமாக வந்து செக் சொல்லும். அவருடைய ராஜா நடுப்பலகையில் அலையும். வாரக்கணக்கில் தோற்றார். மே தினத்துக்குத் தொழிற்சாலையில் நடந்த போட்டியிலும் அதையே ஆடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். பழைய ஆட்டத்துக்கே போகலாமே என்றேன்.

"மெதுவா ஆடித் தோத்தா எங்க தோத்தேன்னே தெரியமாட்டேங்குது தம்பி. இதுல தோத்தா எந்த இடம்னு பளிச்சுன்னு தெரியுது. அடுத்த தடவ அங்க விழமாட்டேன்" என்றார்.

சொன்னபடியே விழவில்லை. குதிரை முதலில், பிறகு மந்திரி, பிறகு ராஜாவுக்குப் பாதுகாப்பு, அதற்குப் பின்தான் தாக்குதல் என்று ஆட்டம் மெல்ல ஒழுங்குக்கு வந்தது. என்னையும் சில முறை தோற்கடித்தார். ஆனால் அவர் கணக்கில் வைத்தது ஞாயிற்றுக்கிழமைகளை மட்டுந்தான்.

அந்தச் சிப்பாயை முதன்முதலாக அண்ணன் முன் வைத்த நாளைப் பற்றி அவர் சொன்னது மறக்கவில்லை. அண்ணன் அதை வெட்டாமல் நெடுநேரம் பார்த்திருக்கிறார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஏன் குடுக்குற?" என்று கேட்டிருக்கிறார். பல ஆண்டுகளில் தங்கையிடம் அவர் பேசிய முதல் சொல் அது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேணும்னுதாண்ணேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் வாயில வரல" என்றார் அக்கா.

பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு சொற்கள் வந்தன. குதிரையை எடு, அது வேண்டாம், சாப்பிட்டியா. பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. சில ஞாயிறுகளில் அண்ணன் பலகைப் பக்கமே வரமாட்டார். அன்றைக்கெல்லாம் அக்கா சோர்ந்துபோய்த் திரும்புவார். அடுத்த வாரம் மறுபடி பஸ் நிறுத்தத்தில் நிற்பார்.

இந்த ஆண்டு அவருடைய இதயம் இன்னும் பலவீனமாயிற்று. கால்கள் வீங்கின. நான் காரில் கூட்டிப்போகத் தொடங்கினேன். பேசினாலே மூச்சு வாங்கியதால் வழியில் அதிகம் பேசமாட்டார். ஒரு முறை மட்டும், "நான் இல்லன்னா அண்ணங்கிட்ட மறைக்காதீங்க தம்பி. வருவேன் வருவேன்னு உக்காந்திருப்பாரு" என்றார்.

இறுதிச் சடங்கு வெள்ளிக்கிழமை ஈப்போவில் முடிந்தது. ராமையா அண்ணனிடம் சொல்ல வேண்டாம், அவர் தாங்கமாட்டார் என்று உறவினர்கள் சொன்னார்கள். அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. வார்டுத் தாதியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். வாருங்கள், பக்கத்தில் நான் இருக்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் காய்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். என் முகத்தை அல்ல, வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுச்சா அதுக்கு?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. தூக்கத்துலயே போயிட்டாங்க."

பிறகு, "அடுத்த ஞாயிறு யாரு வருவா?" என்றார்.

"நான் வாரேண்ணே."

அவர் எழுந்து கம்பிக் கதவருகே போய் நின்றார். வெளியே சாலையில் பஸ் வந்து நின்றது. கடைசி ஆள் இறங்கி, கதவு மூடி, பஸ் கிளம்பும்வரை அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாதி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

லெட்சுமி அக்கா, அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எங்கும் கிளம்ப வேண்டியதில்லை. நன்றாகத் தூங்குங்கள்.