இன்னும் ஒரு சுற்று

மற்றவர்கள் போட்டுக் கழற்றிய சப்பாத்தை மணந்து பார்ப்பதில்தான் என்னுடைய தொழில் தினமும் தொடங்குகிறது. மெல்பேர்னில், பனிச்சறுக்குச் சாமான்களையும் ஆற்றுப் படகுச் சாமான்களையும் வாடகைக்குக் கொடுத்து, பழுதும் பார்க்கிற ஒரு கடையின் பின்னறையில் எனக்கு வேலை. குளிர்காலத்தில் சறுக்குச் சப்பாத்து, வெயில் வந்தால் லைஃப் ஜாக்கெட். கழுவுவது, காய வைப்பது, தைப்பது, ஒட்டுவது. இத்தனைக்கும் நான் பனியில் ஒரு நாளும் சறுக்கியதில்லை. தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதுமில்லை.

உங்களிலும் கனபேர் இந்த நாட்டுக்கு வந்து, ஊரில் பெயர்கூடக் கேள்விப்படாத வேலையில் கை பழகிப் போனவர்கள்தானே. பிள்ளைகள் வளர்ந்து, "அம்மா, இனி வீட்டில இருங்கோவன்" என்று சொல்லுவார்கள். நாங்களும் ஓம் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலமை கிரான்பர்ன் ரயிலில் ஏறிவிடுவோம். அந்த ஆட்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையாருக்குப் போடுவது

ரெலிமார்க் என்று ஒரு வகைச் சறுக்கு இருக்கிறது. சாதாரண சறுக்கில் சப்பாத்தின் முன்னும் பின்னும் பலகையில் இறுகப் பூட்டியிருக்கும். இதில் விரல் பக்கம் மட்டும்தான் பூட்டு. குதிக்கால் மேலே கிளம்பும். அதனால் திரும்பும் போதெல்லாம் ஒரு காலை முன்னே விட்டு, மற்றக் காலை மடக்கி, முழங்கால் பலகையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து எழும்ப வேண்டும். இதை எனக்கு விளங்கப்படுத்தியவன் ஈதன். மரவேலை செய்கிற பெடியன். குளிர்காலத்தில் சறுக்குவான், பனி உருகினதும் படகோடு ஆற்றுக்குப் போய்விடுவான். என் மகனின் சிநேகிதன் ஒருத்தன் கடையில் என்னை அன்ரி என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, அதையே என் பெயராக வைத்துக்கொண்டான்.

ஒரு நாள் பின்னறையில் அந்தப் பாரச் சப்பாத்தோடு குந்தி எழும்பிக் காட்டினான். "இது நாங்கள் பிள்ளையாருக்குப் போடுற தோப்புக்கரணம் எல்லோ" என்று சொல்லி, கையை மாற்றிக் காதைப் பிடிப்பது எப்படி என்று காட்டினேன். காதைப் பிடித்துக்கொண்டு போட்டான். எதற்காகப் போடுகிறது என்று கேட்டான். செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லித்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்ப அன்ரி, நான் மலைக்குப் போற நாளெல்லாம் காலமை துடங்கிப் பின்னேரம் வரைக்கும் மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

தேங்காயெண்ணெய்

இந்தச் சறுக்குக்குப் பழைய தோல் சப்பாத்தே போதும் என்று பிடிவாதமாக இருக்கிறவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் அப்படி ஒரு சோடியைக் கொண்டுவந்து தந்தார். தோல் அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. பூசுகிற மெழுகு அன்றைக்குப் பார்த்து முடிந்துவிட்டது. என் கைப்பையில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்தது. தோலுக்கு எண்ணெய் நல்லதுதானே என்று இரண்டு சப்பாத்துக்கும் தாராளமாகத் தேய்த்து, பளபளவென்று கொடுத்துவிட்டேன். குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறையும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் குசினியிலேயே, இங்கே குளிர்காலமான ஆனி மாதத்தில் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்துத்தான் எடுக்கிறோம். அந்த நேரம் அது ஞாபகம் வரவில்லை.

அடுத்த கிழமை வாத்தியார் வந்தார். சப்பாத்து வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கயிறெல்லாம் உறைந்துபோய்க் கழற்றவே முடியவில்லையாம். ஏசப் போகிறார் என்று கதிரையை விட்டு எழும்பி நின்றேன். அவர் சப்பாத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கழற்றுறதுக்கு நெருப்புக்குப் பக்கத்தில காலை நீட்டிக்கொண்டு இருந்தனான். அந்த மணத்துக்கு மலைக் குடிலில இருந்த அவ்வளவு பேருக்கும் தேங்காய் பிஸ்கட் பசி வந்திட்டுது."

கழுத்து றப்பர்

குளிர் ஆற்றில் படகு விடுகிறவர்கள் ட்ரை சூட் என்று ஒரு உடுப்புப் போடுவார்கள். கழுத்தில் இருந்து பாதம் வரைக்கும் ஒரே துணி, தண்ணீர் போகாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் மட்டும் மெல்லிய றப்பர் வாய். அது கிழிந்தால் பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டுவது என் வேலை. ஒட்டும்போது உள்ளே ஏதாவது உருண்டையாக வைத்து இழுத்துப் பிடிக்க வேண்டும். கழுத்துக்கு என் பழைய சோற்றுப் பானை, மணிக்கட்டுக்குச் சம்பல் போத்தல். புது றப்பர் எல்லோருக்கும் இறுக்கும். அதனால் ஆளை நிற்க வைத்து, வாயில் ஒவ்வொரு சுற்றாகக் கத்தரிக்கோலால் வெட்டித் தளர்த்துவோம். ஒரு சுற்றுக் கூடிப்போனால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பிறகு அந்த உடுப்பால் பிரயோசனம் இல்லை. கொஞ்சமாவது நெரித்தால்தான் அது சரியான றப்பர் என்பது எங்கள் பொஸ் கிரெக்கின் சட்டம்.

ஈதன் நீலத்தில் ஒரு சூட் வாங்கி, போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றான். ஒரு சுற்று வெட்டினேன். இன்னும் ஒரு சுற்று வெட்டச் சொன்னான், வெட்டினேன். மூன்றாவது தடவையும் கேட்டான். "காணும் ராசா, இனி வெட்டினால் தண்ணி வந்திடும்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டேன். விரலைக் கழுத்துக்குள் விட்டு இழுத்துக்கொண்டு, முகம் சிவக்கச் சொன்னான்: "தண்ணி என்னைக் கொல்லுமோ தெரியாது அன்ரி, இந்தச் சட்டை கட்டாயம் கொல்லும்."

பவுடர்

றப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே பவுடர் பூசித்தான் உடுப்பைக் கொடுக்க வேண்டும். அந்தப் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் நான் கோயில் திருநீறும் ஒரு சிமிழில் வைத்திருப்பேன். ஆற்றுக்குப் போகிற ஒவ்வொரு சூட்டின் மணிக்கட்டிலும் ஒரு சிட்டிகை. யார் பெற்ற பிள்ளைகளோ, முருகா, போன மாதிரித் திரும்பி வரட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு வாடிக்கையாளர் கையில் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்திருக்கிறதே என்று கேட்க, கிரெக் என்னிடம் வந்தார். மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "பூசுறதைப் பூசுங்கோ இந்திரா. பில்லில மட்டும் எழுதிப் போடாதேங்கோ."

வெட்டின உடுப்பு

பனி உருகி ஆறு பெருகுகிற காலம். என் வயதுப் பெண் ஒருத்தி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து, கிரெக்கிடம் பேசாமல் நேரே பின்னறைக்கு வந்தாள். பையில் இருந்து நீலச் சூட் ஒன்றை எடுத்து விரித்தாள். கழுத்தில் இருந்து கால் வரைக்கும் நடுவால் நேராக வெட்டியிருந்தது. கழுத்து றப்பரில் நான் சுற்றி வெட்டின அடையாளம் எனக்குத் தெரியாதா. அவள் ஈதனின் தாய், லின். ஆற்றில் விழுந்து கிடந்த மரத்தில் படகு மாட்டி, அவன் தண்ணீருக்கு அடியில் அகப்பட்டுவிட்டானாம். சிநேகிதர்கள் இழுத்தெடுத்து, அம்புலன்ஸ் ஆட்கள் நெஞ்சை அமத்துவதற்காக உடுப்பை வெட்டியிருக்கிறார்கள். நெஞ்சு திரும்ப அடித்திருக்கிறது. ஆனால் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மெஷின் மூச்சு விடுகிறது.

கிரெக் வந்து பார்த்தார். இவ்வளவு நீள வெட்டை ஒட்டித் தண்ணீரை நிப்பாட்ட ஏலாது, புதியது ஒன்று தன் செலவில் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். லின் உடுப்பை மடித்து என் மேசையில் வைத்தாள். "புதுசு வேண்டாம். அவன் எழும்பினால் முதல் கேக்கிறது இதைத்தான். இப்பிடிக் கிடக்கிறதைக் கண்டால் என்னை ஏசுவான்."

பக்கத்துக் கதிரை

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியால் வீட்டுக்குப் போகிற வழியில் லின் வரத் தொடங்கினாள். என் பக்கத்துக் கதிரையில் இருப்பாள். என்னுடைய இங்கிலீஷ் சாமான்களுக்குப் போதும், துக்கத்துக்குப் போதாது. வெட்டின துணியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பேன். அவள் பிடிப்பாள், நான் தைப்பேன். உள்பக்கமாகத் தையலின் மேல் ஒட்டுநாடா வைத்துச் சூடாக்கி ஒட்டுவேன். வெட்டுப்பட்ட கழுத்து றப்பரை உரித்துவிட்டுப் புதியது போட்டேன். ஒரு நாள், "பின்னறை அன்ரி எல்லாருக்கும் ஏதோ பூசி விடுறவ எண்டு ஈதன் சொன்னவன். அது இருக்கா" என்று கேட்டாள். சிமிழோடு கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு என் மனம் சரியாக இல்லை. அந்தச் சூட்டிலும் நான் பூசித்தானே அனுப்பினேன். அதை முருகனிடம்தான் கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

என் மகள் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறாள். நேர்ஸ். போனில் எல்லாவற்றையும் சொல்லி, எழும்புவானோ என்று கேட்டேன். "அம்மா, நீங்கள் கும்பிடுங்கோ. ஆனா எழும்புவான் எண்டு மட்டும் அந்த அம்மாவிட்டச் சொல்லிப் போடாதேங்கோ" என்றாள். விளக்கேற்றி, காதைப் பிடித்து, நானும் தோப்புக்கரணம் போட்டேன். என் முழங்காலுக்கு ஏலாத வேலை. அடுத்த முறை லின் வந்தபோது, திருநீற்றைப் பூசுகிறாயா என்று கேட்டேன். பூசுகிறாளாம், அவன் நெற்றியில். "காலமை உடம்பு துடைக்கேக்க நேர்ஸ்மார் அதையும் துடைச்சு விடினம். பின்னேரம் நான் திரும்பப் பூசுறன். ஆர் களைச்சுப் போறது எண்டு பாப்பம்."

விலைக்கா

தைத்து முடிந்ததும் சூட்டின் மணிக்கட்டு வாய்களை அடைத்துத் தொங்கவிட்டு, கழுத்தால் உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்போம். நெஞ்சுப் பக்கத்தில் ஒரு இடம் கசிந்தது. உரித்து ஒட்டினேன். திரும்பவும் ஒரு துளி வந்தது. ஏலாது என்று சொன்ன கிரெக்கே வந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் ஒரு இளந்தாரி எட்டிப் பார்த்து, தொங்குகிற நீலச் சூட் விலைக்கா என்று கேட்டான். கிரெக் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இல்லை. அதுக்கு ஆள் இருக்கு."

இன்னும் ஒரு சுற்று

லின் கடைசியாக வந்த நாளில் கதிரையில் இருக்கவில்லை. "நேற்று மெஷினை நிப்பாட்டிட்டினம்" என்றாள். சூட்டைத் தரச் சொன்னாள். பெட்டியில் வைக்கும்போது அவனுக்கு அதைத்தான் போடப் போகிறார்களாம். எங்கள் ஆட்கள் என்றால் வேட்டி சால்வை கட்டுவோம். இவள் தன் பிள்ளைக்கு ஆற்று உடுப்பு. போடுகிறவர்கள் சிரமப்படாமல் இருக்க ஸிப்பில் மெழுகு தேய்த்து, மேலும் கீழும் ஓடவிட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு றப்பருக்குப் பவுடர் பூசினேன். சிமிழ் அவளிடம்தானே. அவளே கைப்பையில் இருந்து எடுத்துத் திறந்து நீட்டினாள். ஒரு சிட்டிகை போட்டேன். நெஞ்சுப் பக்கத்தில் இன்னும் ஒரு துளி கசிகிறது, ஒரு கிழமை தந்தால் சரிக்கட்டிவிடுவேன் என்று வாய் என்னை அறியாமல் சொல்லிவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. கழுத்து றப்பருக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவன் நின்ற மாதிரியே.

கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு சுற்று வெட்டினேன். கறுப்பு வளையம் மேசையில் விழுந்தது. அடுத்த சுற்றும் வெட்டினேன். அதற்கு மேல் தண்ணீர் வரும் என்று பழகின கை தானாக நின்றுவிட்டது. லின் என் கையின் மேல் தன் கையை வைத்தாள். "இன்னும் ஒரு சுற்று வெட்டுங்கோ இந்திரா. அவனுக்கு இறுக்கம் பிடிக்காது."

தண்ணீரை வெளியே மறிப்பதுதான் இத்தனை காலமும் என் தொழில் என்றாலும், கண்ணுக்கு உள்ளே இருந்து வருகிறதை மறிக்கிற மாதிரி ஒரு றப்பர் எங்கள் கடையில் இன்னும் வந்து இறங்கவில்லை.