இரண்டு ஓகே

முதலாளி இருந்தார். என்ஜினீயரிங் படித்த ஒரு பெண் இருந்தார். நான் இருந்தேன். ராமநாதபுரத்தில் ஒரு மாடி அறை, போன ஐப்பசி. வேறு ஆள் கிடையாது. எங்கள் கம்பெனியே அவ்வளவுதான்.

நான் பத்தாவது பெயில். கடலாடிப் பக்கம் கருவேலங்கரி மூட்டம் போட்டுக்கொண்டிருந்தவன். செல்போனில் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் வேலை பழகினேன்.

காலேஜ் பிள்ளைகள் வேலைக்கான பரீட்சையில் புரோகிராம் எழுதுவார்கள். அதை வாங்கி ஓட்டிப் பார்த்து, வந்த விடையை எடுத்துக் கொடுப்பது எங்கள் லைப்ரரி. புத்தக லைப்ரரி இல்லை, நாங்கள் எழுதிய மென்பொருள். அதில் ஒருவர் கை வைத்தால் மற்ற இருவரும் படித்துப் பார்த்து ஓகே போட வேண்டும். பிறகுதான் மாற்றம் உள்ளே போகும்.

அன்று கை வைத்தவர் முதலாளி. வேகமாக ஓட வேண்டும் என்று சில வரிகளை மாற்றியிருந்தார். நான் திறக்கும்போதே அந்தப் பெண்ணின் ஓகே விழுந்திருந்தது. படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பிள்ளையின் விடையை எடுத்ததும் அதை அழிக்கும் வரியைக் காணவில்லை. அந்த வரியை முதலாளி ஏன் நீக்கினார் என்று கேட்க வாய் வரை வந்தது. என்ஜினீயரிங் படித்தவரே பார்த்துவிட்டார், நான் என்ன கேட்பது? ஓகே போட்டேன்.

பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் போன் வந்தது. நயினார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர். அவர் மகள் காப்பியடித்தாள் என்று காலேஜில் எழுதிவிட்டார்கள். இனி எந்தக் கம்பெனி வந்தாலும் அவளை உட்கார விடமாட்டார்களாம்.

"பெயிலுன்னா பெயிலுன்னு சொல்லுங்க சார், ஏத்துக்கிறோம். களவாணின்னு எழுதிப்புட்டாகளே. புள்ள சோறு திங்கல."

போனை வைத்துவிட்டுத் தேடினேன். அந்தப் பிள்ளையின் புரோகிராம் பாதியில் நின்றிருக்கிறது. விடை இல்லை. முன்னால் எழுதியவரின் விடை அழியாமல் கிடந்திருக்கிறது. அதை எடுத்து இவள் பெயரில் கொடுத்துவிட்டது எங்கள் லைப்ரரி.

இருவரிடமும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது.

"அண்ணே, நீங்க வரி வரியாப் பாக்குற ஆளு. நீங்க பாப்பீகன்னுதான் நான் படிக்காமலே ஓகே போட்டேன்."

"நீங்க படிச்சிட்டீகன்னு நான் கேக்காம விட்டேன்."

"ரெண்டு பேரு பாத்துட்டாகன்னு நான் தைரியமா ஓட்டுனேன். நல்லாருக்குய்யா நம்ம கம்பெனி" என்றார் முதலாளி. பிறகு, "காலேஜ்ல சொன்னா அடுத்த வருசம் நம்மளக் கூப்பிடமாட்டாக" என்றார்.

"கூப்பிடாட்டி கரி மூட்டம் இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போனை என் பக்கம் தள்ளினார்.

நான்தான் காலேஜில் பேசினேன். காப்பி என்று எழுதியதை அடித்தார்கள். அந்தப் பிள்ளை மறுபடி எழுதலாம் என்றார்கள். அவள் அப்பாவிடம் சொன்னேன். "சரிங்க சார்" என்றார். வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் புரியாத வரி வந்தால் கேட்டுவிடுகிறேன். சிரித்தாலும் கேட்கிறேன். எனக்குப் புத்தி வந்ததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று போன் வந்த அன்றே பரீட்சை எழுதியவர்கள் பட்டியலை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பெயர் கெட்டவர்கள் பதினாறு பேர்; எல்லாப் பெயரையும் காலேஜில் சொல்லிவிட்டேன். போன் செய்தது ஒருவர்.