கல்யாணக் காரில் ஜீப் லைட்

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆவணி மாதம், ஸ்ரீரங்கத்தில் என் தம்பி மகன் கல்யாணத்தை ஒட்டி நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இருபத்தாறு வயதில் கணவர் போய்விட்டார். அதிலிருந்து தம்பி வீடுதான். மோதிரத்தில் வைக்கிற செயற்கை வைரக் கல்லுக்குச் சாணையில் பட்டை தீட்டும் வேலையை முப்பது வருடம் செய்தேன். திருச்சிப் பக்கம் நிறையப் பெண்கள் செய்த வேலைதான். மற்றபடி வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். நாலு பேர் முன்னால் நின்று பேசியதே கிடையாது.

தம்பியிடம் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் உண்டு. சிவப்பு நிறம். மேலே கூரை இல்லை, இரண்டே பேர்தான் உட்கார முடியும். துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சரி செய்தான். கல்யாணத்தன்று சாயங்கால வரவேற்பு முடிந்ததும், பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் கே.கே. நகரில் இருக்கும் பெண் வீட்டுக்கு மறுவீடு போக வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக முன்பக்க லைட் இரண்டையும், லைட்டைச் சுற்றி வருகிற பளபள வளையங்களையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டியிருந்தான். மெக்கானிக் அந்த வளையத்தை ரிம் என்பார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பொழுது சாயும் நேரம். "வாக்கா, புது லைட்டப் போட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டான். அந்தக் காரில் நான் ஏறியதே அன்றுதான். காவிரிப் பாலத்தில் அன்று தெருவிளக்கு எரியவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

"லைட்ட எறக்குய்யா!"

"எறக்கித்தான்யா இருக்கு!" என்று தம்பியும் பதிலுக்குக் கத்தினான்.

நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் ஒரே இருட்டு. திடீரென்று சைக்கிளில் வாழை இலைக் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தார். "டேய்!" என்று அலறினேன். தம்பி வண்டியை ஒடித்துத் திருப்பினான். இலைக் கட்டு என் தோளை உரசிக் கிழிந்து, பாதி இலை என் மடியில் விழுந்தது. அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வீட்டுச் சந்துக்குள் வந்ததும் வண்டியின் வெளிச்சம் எதிர் மதில் மேல் விழுந்தது. இறங்கிப் பார்த்தேன். வலது பக்கம் வெளிச்சம் சரிவாக மேலே ஏறியது. இடது பக்கம் தரையோடு படுத்துவிட்டது. கிட்டே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியில் வெட்டியிருக்கிற கோடுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. கல்லுக்குப் பட்டை வைத்தவளுக்கு, எந்த வெட்டு வெளிச்சத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"தம்பி, இது ரோட்டுல வலது பக்கம் போற ஊருக்குச் செஞ்ச லைட்டுடா. அங்க இது சரி. இங்க எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்குது. ஓரமா நடக்குறவன இருட்டுல விட்டுருது."

அவன் சிரித்தான். "அக்கா, உனக்கு வைரக் கல்லு தெரியும், வத்தக்குழம்பு தெரியும். காரு எப்பக்கா கத்துக்கிட்ட?"

அவன் மனைவி உள்ளேயிருந்தே சொன்னாள். "கல்யாண வீட்டுல இடிச்சுது, கிழிச்சுதுன்னு பேசாதீங்க அண்ணி. சகுனம் பாக்க வேணாமா?"

வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால், அந்த இலைக்காரர் இருந்த இடத்தில் யார் யாரோ நடந்துகொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை, அந்த லைட் வந்த அட்டைப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். பாலக்கரைப் பக்கம் விசாரித்து விசாரித்து ஒரு கார் சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். பெட்டியை நீட்டினேன். அவர் ஒரு உருண்டை லைட்டை எடுத்து அந்தப் பெட்டியின் குழியில் வைத்தார். அச்சாக உட்கார்ந்தது.

"இது ஜீப்புக்குப் போடுறதும்மா. அளவு ஒண்ணுதான். ஜீப்பா வச்சிருக்கீங்க?"

"இல்லங்க, கல்யாணம்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"வெளிச்சம் எந்தப் பக்கம் ஏறும்?" என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம ஊர் ரோட்டுக்குச் செஞ்சது. இடது பக்கம்தான் ஏறும். விவரமாத்தான் கேக்குறீங்க." என் சேமிப்பில் இருந்து ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று முழுக்க வண்டி பாலிஷுக்குப் போய்விட்டது. கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்து, சாயங்காலம்தான் மெக்கானிக் அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். முன்னால் மல்லிகைச் சரம் கட்டியாயிற்று. தம்பி மண்டபத்தில் இருந்தான். நான் தோசைக் கரண்டியில் பழைய துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, வளையத்தின் அடியில் கொடுத்து மெல்ல நெம்பினேன். டப்பென்று கழன்று கையில் வந்தது, ஒரு கீறல் இல்லாமல்.

"அம்மா, அய்யா வைவாரு" என்றார் மெக்கானிக்.

"என்னைத்தான் வைவான். நீங்க ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க."

அப்போதுதான் தம்பி மனைவி வாசலுக்கு வந்தாள். தெருவே கேட்கிற மாதிரி, "அண்ணி, எடுங்க கைய! பூப்போட்ட வண்டி. இன்னிக்கு அதை நீங்க தொடலாமா?" என்றாள்.

நாற்பது வருடமாக இதைக் கேட்டிருக்கிறேன். குத்துவிளக்கைத் தொடாதே, தாம்பூலத் தட்டைத் தொடாதே. ஒவ்வொரு தடவையும் கையை எடுத்திருக்கிறேன். அன்று எடுக்கவில்லை.

"உன் புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்ஸு நீட்டுனாளே, முதல்ல வாங்குனது இந்தக் கைதான். அப்பவும் எனக்குப் பொட்டு கிடையாது. அன்னிக்கு மட்டும் எப்படிம்மா தொடவிட்ட?"

உள்ளே வரவேற்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு ஓடி வந்தான். "அத்தை, என்ன பண்றீங்க?"

"நீயும் அந்தப் பொண்ணும் இதுல பாலத்தத் தாண்டப் போறீங்க. ஓரமா யாரு நடந்தாலும் உன் கண்ணுக்குத் தெரியணும். அதத்தான் பண்றேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கழன்ற வளையத்தை வாங்கிப் பிடித்தான்.

என் வீரத்தை மட்டும் சொல்லக் கூடாது. இரண்டையும் மாட்டி விளக்கைப் போட்டால், ஒன்று ரோட்டைப் பார்த்தது, இன்னொன்று எதிர்வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தது. மெக்கானிக்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, சின்ன ஸ்க்ரூ மூணுதான் கழட்டுறது. நீங்க திருகுன பெருசு ரெண்டும் லைட்டத் திருப்புறதுக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." கேட்கக் கூச்சம், அதனால் வந்தது. அவரே மதிலைப் பார்த்துத் திருகி நேராக்கினார். வளையத்தை மேலே கொக்கியில் மாட்டி, கீழே உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். உட்கார்ந்துகொண்டது.

தம்பி வந்ததும் குதித்தான். "ஜீப் லைட்டா? என் வண்டிக்கா? கழட்டுங்க உடனே!"

நான் காருக்கு முன்னால் போய் நின்றேன். "கழட்டணும்னா என்னைத் தள்ளிட்டுக் கழட்டு. இல்லன்னா ஒரு தடவ அந்த மதிலப் பாரு."

பார்த்தான். வெளிச்சம் இடது பக்கம் ஏறி, அந்தப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் இடுப்புக் குடம் வரை காட்டியது. வலது பக்கம் அடங்கி நின்றது. மகன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

பிள்ளைகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி மனைவி ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி இன்றும் "ஒரிஜினல் இல்ல" என்று முணுமுணுப்பான், ஆனால் அந்த லைட்டைக் கழற்றவில்லை. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. இப்போதும் எனக்குக் கூச்சம் போகவில்லை. ஆனால் யாராவது "நீங்க தொடாதீங்க" என்று சொன்னால், முதலில் தொட்டுவிட்டு, அப்புறம்தான் ஏன் என்று கேட்கிறேன்.