பகலில் கட்டும் கொசுவலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சி வெயில் நேரத்தில், கொசுவலைக்குள் உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிட்டேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். கொசுவும் இல்லை. ஈ!

எருமப்பட்டிப் பக்கம் என் பெரியம்மா மகள் பரிமளா அக்காவின் வீடு. ஊர்ப் பெயர் வேண்டாம்... அங்கே இன்னும் கல்யாணமாகாத பெண்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் ஒரு கோழிப்பண்ணை. வரிசையாக ஷெட்டுகள், ஷெட் நிறையக் கூண்டுகள், கூண்டுக்கு அடியில் மாதக்கணக்கில் சேர்கிற எரு. எருவில் ஈ. முட்டை லாரி ஏறி வெளியூர் போய்விடுகிறது. ஈ உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது.

அதனால் அந்தத் தெருவில் கொசுவலையைப் பகலில்தான் கட்டுகிறார்கள். கூடத்தின் நாலு மூலையிலும் ஆணி அடித்து, வலையை இறக்கிவிட்டு, உள்ளே இலை போடுகிறார்கள். பரிமாறுகிறவர் ஓரத்தைத் தூக்கிக் கரண்டியை மட்டும் உள்ளே நீட்டுவார். ரசம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"உனக்குச் சிரிப்பா இருக்குது சாமி. என்ர புள்ளைக்கு ரெண்டு எடம் தட்டிப் போச்சு, தெரியுமா?"

புள்ளை என்றது சுகன்யாவை. பி.ஃபார்ம் படித்துவிட்டு நாமக்கல்லில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். நல்ல பெண். அவளைப் பார்க்க முதலில் வந்த மாப்பிள்ளையின் அப்பா, கேசரியில் திராட்சை நிறையப் போட்டிருப்பதாகப் பாராட்டியிருக்கிறார். அக்கா திராட்சையே போடவில்லை. இரண்டாவது வந்தவர்கள் காரை விட்டே இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்கள்; உடனே ஏற்றினார்கள்; போய்விட்டார்கள்.

"நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஈ இல்லாத ஊரா ஒரு எடம். சொத்து வேண்டாம், காரு வேண்டாம். அவ ஒரு நாளாச்சும் நிம்மதியா உக்காந்து சோறு திங்கோணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோகனூர்ப் பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. அதற்குள் பண்ணையில் எருவை அள்ளி, சுண்ணாம்புத்தூள் தூவிவிட்டால் ஒரு வாரத்துக்காவது ஈ மட்டுப்படும். பண்ணை முதலாளியிடம் போய்க் கேட்க வேண்டும்.

"நீயும் வா. பத்திரிகையில எழுதறவன்னா மதிப்பாங்க."

மதித்தார்கள். ரொம்பவே மதித்துவிட்டார்கள்.

முதலாளியை எல்லோரும் சேர்மன் என்றுதான் சொல்வார்கள். 'பத்திரிகை' என்ற சொல்லைக் கேட்டதும் எங்களைச் சேலத்து வீட்டு ஏசி ஹாலில் உட்காரவைத்து, பாதாம் பால் கொடுத்து, படம் காட்டத் திரையை இறக்கிவிட்டார்கள். சேர்மன் செய்கிற தான தர்மத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மகன் விளக்கம் சொல்ல எழுந்தார். அவரை ஜூனியர் என்று வைத்துக்கொள்வோம்.

"நம்மாளுங்க தானம்னாலே எமோஷனலா பண்றாங்க சார். கோயிலுக்கு மணி, ஸ்கூலுக்கு பெஞ்ச்... எதுலயும் ரிசல்ட் கிடையாது. ஒரு ரூபாய் குடுத்தா உலகத்துல எங்க அதிகபட்ச நன்மை கிடைக்கும்? அதை கால்குலேட் பண்ணித்தான் குடுக்கணும்."

அப்படிக் கணக்குப் போட்டுப் போட்டு அவர் கண்டுபிடித்தது என்ன தெரியுமா?

கொசுவலை!

கடல் தாண்டி எங்கோ ஒரு தேசம். காய்ச்சலில் குழந்தைகள் சாகும் ஊர்கள். அங்கே வண்டி வண்டியாகக் கொசுவலை அனுப்புகிறார்கள். திரையில் ஒரு குழந்தை வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்... அங்கயும் ஈ சாஸ்திங்களா தம்பி?"

"ஈ இல்லம்மா. கொசு."

சந்தர்ப்பம் கிடைத்ததென்று அக்கா தன் கதையைச் சொன்னாள். சேர்மன் "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். ஜூனியர் அப்படி இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் லேப்டாப்பைத் திறந்து அக்காவின் குறையை நிஜமாகவே ஏற்றிக்கொண்டார்.

"ஈயால உங்க ஊர்ல யாராவது செத்திருக்காங்களாம்மா?"

"சாகலைங்க தம்பி. உசுரு போற மாரி இருக்குது, அவ்வளவுதானுங்க."

"அப்போ ஸ்கோர் ஜீரோம்மா. யாரும் சாகறதில்லையே!"

அதோடு விட்டிருக்கலாம். படித்த பிள்ளை, விளக்கிவிடுவோம் என்று நினைத்துவிட்டார்.

"எருவ அள்ள ஆளுங்க உள்ள போனா கோழி மிரளும். மிரண்டா முட்டை குறையும். முட்டை குறைஞ்சா லாபம் குறையும். லாபம் குறைஞ்சா நாங்க அனுப்பற வலை குறையும். வலை குறைஞ்சா..." என்று நிறுத்தி, திரையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைக் கை காட்டினார்.

அக்காவுக்கு முகமெல்லாம் வெளிறிப்போனது. "ஐயோ, வேண்டாங்க தம்பி! என்ர புள்ள கல்யாணம் எப்ப வேணா நடக்கட்டுமுங்க!"

பாருங்கள் கூத்தை. சுண்ணாம்புத்தூள் கேட்கப் போனவள், ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்த குற்ற உணர்ச்சியோடு எழுந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பாதாம் பால் குடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. ஈ மொய்க்காத டம்ளரில் எதைக் குடித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது சேர்மன் பெருந்தன்மையோடு அக்காவுக்கு ஒரு சாம்பிள் கொசுவலையைப் பரிசளித்தார். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். தூர தேசத்துக் குழந்தையும் குழந்தைதானே? அதற்கு ஒரு வலை கிடைப்பதில் எனக்கென்ன வயிற்றெரிச்சல்? தாராளமாகக் கிடைக்கட்டும். அந்த வலையை நான் கேலி செய்தால் என் வாய் அழுகிப் போகும்.

ஆனால், யாருடைய கஷ்டத்தைத் தீர்க்கலாம் என்று உலக வரைபடத்தையே விரித்துத் தேடுகிற மனிதர், தானே உண்டாக்கிய கஷ்டத்தை ஏன் தேடுவதில்லை? தானம் அவர் இஷ்டம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தன் பண்ணை எருவைத் தான் அள்ளுவது தானம் இல்லையே! அதற்குக் கைதட்டல் கிடைக்காது. போட்டோவிலும் நன்றாக விழாது. கோடிகளை அள்ளிக் கொடுக்கிற கைக்கு எருவை அள்ள மட்டும் எப்போதும் நேரமிருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்மன் குடும்பம் முன்பு பண்ணைக்குள்ளேயேதான் குடியிருந்தது. பையன் படிப்புக்காக என்று சொல்லி சேலத்துக்குக் குடிபோனார்கள். பையன் அங்கே படித்து முடித்து, வெளிநாடு போய்ப் படித்து, திரும்பியும் வந்துவிட்டான். குடும்பம் மட்டும் இன்னும் பண்ணைக்குத் திரும்பவில்லை. ஸ்கோர் ஜீரோ என்றால் திரும்பியிருக்கலாமே?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மோகனூர்க்காரர்களும் வந்தார்கள். அக்கா ஏற்கெனவே வீட்டில் இருந்த வலையோடு சேர்மன் கொடுத்த வலையையும் சேர்த்துக் கட்டி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து உள்ளேயிருந்து ஒன்றை எடுத்தார்.

கொசுவலை!

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேனுங்க. எங்கூர்லயும் இதே கதைதானுங்க. ஆணிய இன்னும் கொஞ்சம் கீழ அடிச்சீங்கன்னா ஓரம் தூக்காதுங்க."

"உங்கூர்ல எந்தப் பண்ணைங்க?" என்று கேட்டேன்.

அதே சேர்மன். இரண்டாவது கிளை.

பத்தே நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. சுகன்யா காபி கொடுத்தாள். மாப்பிள்ளை டம்ளரை வாங்கிய வேகத்தில் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள். அவளும் அப்படித்தான் குடிப்பாள். அவரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று.

அடுப்படிக்குள் போனேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

"நல்ல பையன், நல்ல குடும்பம். வேண்டாம்னு எப்படிச் சொல்றது? ஆனா பொறந்த ஊட்டுலயும் சேர்மன் ஈ, போற ஊட்டுலயும் அவரு ஈ. அவ ஆயுசுக்கும் வலைக்குள்ள உக்காந்துதான் சோறு திங்கோணுமா சாமி?"

நாலு மாவட்டத்தைச் சுற்றிவந்து எழுதுகிறவன், அவள் குடிக்காமல் வைத்திருந்த காபி டம்ளரை ஒரு தட்டால் மூடிவைத்ததோடு சரி.

முந்தாநாள் சேர்மனே எனக்கு போன் செய்தார். பண்ணை சூப்பர்வைசர் மூலம் விஷயம் போயிருக்கிறது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நம்ம ரெண்டு பண்ணை ஊருக்கும் சம்பந்தம் ஆயிருச்சுங்களாமா! எங்க பையன் இதையும் தான தர்ம ரிப்போர்ட்ல சேத்தலாம்ங்கறான். நம்மளால ஒரு நல்லது நடந்திருக்குது பாருங்க. கல்யாண விருந்துக்கு நானே நேர்ல வாரேன்னு அக்காகிட்டச் சொல்லிருங்க."

சொன்னேன். அக்கா துவைத்துக் காயப்போட்டிருந்த வலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

"தாராளமா வரச் சொல்லு சாமி. விருந்து நம்ம ஊட்டுலதான். எல்லாருக்கும் வலைக்குள்ள இலை போடு. அவருக்கு மட்டும் வெளிய போட்டுரு... ஈயால யாரும் சாகறதில்லைன்னு அவரு பையனே சொன்னாருல்ல?"